இன்குபேட்டர் பக்கத்தில் ஞானஸ்நானம்: ராத்திரி டியூட்டி நர்சுகளுக்கு

சாகும் ஆபத்தில் இருக்கும் பச்சிளங்குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுக்க சாமியார்தான் வர வேண்டும் என்றில்லை. நீங்கள் கொடுக்கலாம், டியூட்டி டாக்டர் கொடுக்கலாம், குழந்தையின் அப்பாவே கொடுக்கலாம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 861-ஆம் எண்ணைப் பாருங்கள். ஞானஸ்நானம் பெறாதவர் கொடுத்தாலும் செல்லும், திருச்சபை செய்ய நினைப்பதையே நானும் செய்கிறேன் என்ற எண்ணம் இருந்தால் போதும். பச்சிளங்குழந்தை வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்சுகள் நடுராத்திரியில் போன் போட்டு இதைத்தான் கேட்கிறார்கள்.

முதலில் பெற்றோரைக் கேளுங்கள். கேட்காமல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடக் கூடாது. சாகும் ஆபத்தில் இருக்கும் குழந்தைக்குப் பெற்றோர் விருப்பத்துக்கு மாறாகவும் கொடுக்கலாம் என்று சட்டத்தில் ஒரு வரி உண்டு. நான் அந்தப் பக்கமே போனதில்லை, நீங்களும் போகாதீர்கள். வேற்று மதத்துக் குடும்பம் வைத்தியத்துக்காகத்தான் குழந்தையை நம் கையில் கொடுத்திருக்கிறது. பெந்தெகொஸ்தே குடும்பம் என்றால் வேண்டாம் என்பார்கள். விசுவாசித்து அறிக்கை செய்தவர்தான் தண்ணீரில் இறங்க வேண்டும் என்பது அவர்கள் போதனை. அவர்கள் பாஸ்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் ஜெபிக்க வழி செய்துகொடுங்கள். சிஎஸ்ஐ, லுத்தரன் குடும்பங்கள் கேட்டால் அவர்களுடைய போதகரை (ஐயர் என்பார்கள்) கூப்பிடுங்கள். அவர் வந்து சேர நேரம் இல்லையென்றால் இதே முறைதான்.

அப்புறம் தண்ணீர். மந்திரித்த தீர்த்தம் தேவையில்லை, வெறும் தண்ணீர் போதும். பாட்டி கொண்டுவரும் வேளாங்கண்ணி தீர்த்த பாட்டிலை வாசலிலேயே மரியாதையாக வாங்கி வைத்துவிடுங்கள், இன்குபேட்டருக்குள் போக வேண்டாம். ஸ்டெரைல் வாட்டரை 5 மில்லி சிரிஞ்சில் பாதிக்கு எடுத்து, ஊசியைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தி வையுங்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டால் குறைமாதக் குழந்தையின் உடம்புச் சூடு சட்டென்று இறங்கிவிடும். மூச்சுக்கு உதவும் சிபேப் கருவியின் தொப்பி போட்டிருந்தால் ஓரத்தை விரல் நுழையும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். நெற்றியின் மேல்பக்கம், முடி தொடங்கும் இடத்தில், பொட்டுப் பொட்டாக மூன்று முறை விடுங்கள். மறு கையில் காஸ் துணி தயாராக இருக்கட்டும், கண்ணுக்கோ மூக்குக் குழாய்க்கோ ஓடிவிடக் கூடாது. ஆனால் தண்ணீர் தோலின் மேல் ஓடத்தான் வேண்டும். ஈரப் பஞ்சால் ஒற்றி எடுப்பதெல்லாம் ஞானஸ்நானம் ஆகுமா என்று பிறகு சந்தேகம் வரும். ஊற்றி முடித்ததும் தேய்க்காமல் ஒற்றித் துடைத்துவிடுங்கள்.

ஊற்றும்போதே, ஊற்றுகிறவரே சொல்ல வேண்டும்: பெயரைச் சொல்லி, "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்." பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று பழைய வழக்கில் வாயில் வந்தாலும் சரி. எல்லாரும் சேர்ந்து நிற்கிறோமே என்று "நாங்கள்" போட்டுவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் செல்லாது என்று 2020 ஆகஸ்டில் வத்திக்கான் தெளிவாகவே சொல்லிவிட்டது. பெயர் இன்னும் வைக்கவில்லையென்றால் அந்த நிமிடத்தில் அம்மாவிடம் கேளுங்கள். ஒரு சாட்சி பக்கத்தில் இருந்தால் நல்லது.

முடிந்ததும் தேதி, நேரம், பெயர், பெற்றோர், கொடுத்தவர், சாட்சி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பங்குத்தந்தைக்கு அனுப்புங்கள், அவர் பதிவேட்டில் ஏற்றுவார். குழந்தை தேறி வீட்டுக்குப் போனால் (போகிறார்கள், நிறையப் பேர்!) மறுபடி ஞானஸ்நானம் கிடையாது. கோவிலில் எண்ணெய் பூசுவது, வெள்ளை உடுப்பு, மெழுகுவர்த்தி என்று விட்டுப்போன சடங்குகளை மட்டும் செய்துகொள்ளலாம்.

உயிர் இருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால் "உனக்கு உயிர் இருந்தால்" என்று முன்னால் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். உயிர் போனது உறுதி என்றால் கொடுக்கக் கூடாது, அம்மா எவ்வளவு கெஞ்சினாலும். ஞானஸ்நானம் போன்ற அருட்சாதனங்கள் உயிரோடு இருப்பவர்களுக்கு உரியவை. ஒப்புக்குத் தண்ணீர் தெளித்து அவளைச் சமாதானப்படுத்தவும் வேண்டாம்.

அப்போது அவள் கேட்பாள், "என் பிள்ளை மோட்சம் போகாதா சிஸ்டர்?" பதில் தெரியாமல் அந்த வார்டில் நிற்கக் கூடாது. தண்ணீராலும் ஆவியாலும் பிறந்தால்தான் இறையாட்சிக்குள் நுழைய முடியும் என்று யோவான் 3:5 சொல்கிறது. திருச்சபை அதைத் தளர்த்தவில்லை, அதனால்தான் நாம் சிரிஞ்சை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1257-ஆம் எண்ணில் இன்னொன்றும் சொல்கிறது: கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்திருக்கிறார், தம்மை அதற்குள் கட்டிப்போட்டுக்கொள்ளவில்லை. இயேசுவின் பக்கத்துச் சிலுவையில் தொங்கி மோட்சம் போன நல்ல கள்ளனுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்? ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளுக்கு டிசம்பர் 28-இல் திருநாளே கொண்டாடுகிறோம். அவர்களில் ஒருவரும் ஞானஸ்நானம் பெற்றவர் இல்லை.

பெரியவர்கள் "லிம்போ" என்று ஆரம்பிப்பார்கள், அதாவது ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த குழந்தைகள் மோட்சமும் இல்லாமல் வேதனையும் இல்லாமல் இருக்கும் நிலை. பழைய திருச்சபை ஆசிரியரான அகுஸ்தினார், அந்தக் குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு என்று ரொம்பக் கடுமையாக இருந்தார், அந்தக் கடுமையைக் குறைக்கத்தான் பின்னால் வந்தவர்கள் லிம்போ என்ற கருத்துக்கே போனார்கள். அது ஒருநாளும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்படவில்லை. ஞானஸ்நானம் இல்லாமல் இறக்கும் குழந்தைகள் மீட்புப் பெறுவார்கள் என்று நம்பிக்கை கொள்ள ஆழமான காரணங்கள் உண்டு என்று வத்திக்கானின் அனைத்துலக இறையியல் குழு 2007-இல் வெளியிட்ட ஆவணம் கூறுகிறது. நிச்சயம் என்று அது சொல்லவில்லை, நீங்களும் அம்மாவிடம் நிச்சயம் என்று அளக்க வேண்டாம். "சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள் என்று சொன்னவர் கையில் விடுகிறோம், அம்மா" என்று நான் சொல்வேன். பிரசங்கம் எல்லாம் அந்த நேரத்தில் ஏறாது.

அடக்க விஷயத்தை விடிவதற்குள் முடித்துவிடுங்கள். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியேதான் புதைக்க வேண்டும் என்று யாராவது ஒரு பெரியப்பா காலையில் கிளம்புவார். அது பழைய சட்டம். பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்தால், ஆயரின் அனுமதியோடு திருச்சபை முறைப்படியே அடக்கம் செய்யலாம், சட்ட எண் 1183. பங்குத்தந்தையை நீங்களே போனில் பிடித்து, அனுமதி வாங்கச் சொல்லிவிட்டு, பெரியப்பாவிடமும் அவரையே பேச வையுங்கள்.