பெயர் தெரியாத மரம் விறகுக்கு ஆகுமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து ஓரத்தில் சாய்ந்து கிடக்கும் மரமா? முதலில் பாராங் கத்தியால் பட்டையை லேசாகக் கீறுங்கள். வெள்ளைப் பால் வடிந்து, ஒரே காம்பில் மூன்று இலை இருந்தால் ரப்பர். பால் வடிந்தும் இலைகள் தனித்தனியாக, காய் மாங்காய் மாதிரி பச்சையாக இருந்தால் போங் போங். விஷக்காய் மரம், அடுப்புக்கு வேண்டாம். சாறு காற்றுப்பட்டுக் கறுத்தால் ரெங்காஸாக இருக்கலாம். தொடவே கூடாது, தோல் கொப்பளித்துவிடும். அதன் புகையும் ஆகாது.

ஆபத்தானவற்றை ஒதுக்கிய பிறகும் பெயர் பிடிபடவில்லையா? எடையே சொல்லும். நன்றாகக் காய்ந்த துண்டு ஒன்றை வாளித் தண்ணீரில் படுக்கப் போடுங்கள். பாதிக்கு மேல் மூழ்கி மிதந்தால் தணல் நிற்கும். பொங்கல் பானைக்குத் தாராளமாக வைக்கலாம். மூன்றில் ஒரு பங்குதான் மூழ்குகிறதென்றால் பற்றவைக்க மட்டும். பச்சை மரத்தில் இதைச் செய்தால் ஏமாறுவீர்கள், பாதி கனம் தண்ணீர்தான். செம்பனை (எண்ணெய்ப் பனை) தண்டு இதற்குச் சரியான உதாரணம்: தூக்க முடியாது, காய்ந்தால் வெறும் நார்.

ரப்பர் நல்ல விறகு, ஆனால் காத்திருக்காது. சில நாளிலேயே நீலப் பூஞ்சை, பிறகு வண்டு. வெட்டியதும் மணிக்கட்டு கனத்துக்குப் பிளந்து, செங்கல்மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போடுங்கள். பக்கங்களையும் தார்ப்பாயால் மூடினால் ஈரம் வெளியேறாது. ஒரு துண்டில் குறிபோட்டு வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்றால் எரிக்கலாம்.