காப்ளின் வருவதற்குள் ஒரு ஸ்க்வாட்: ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸில் படை அமைப்பது எப்படி?

ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ், குள்ளர்களை வைத்துக் கோட்டை கட்டி ஆளும் கணினி விளையாட்டு. அதில் என் முதல் கோட்டையில் பத்துப் பேர் கொண்ட படை, அதாவது ஒரு ஸ்க்வாட், இருந்தது. அதாவது, திரையில் பத்துப் பெயர்கள் இருந்தன. கோட்டையைத் தாக்கும் எதிரிகளான காப்ளின்கள் வந்த அன்று கையோடு 'கில்' (கொல்) ஆணையைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தேன். வாசலுக்குப் பக்கத்தில் இருந்த தளபதி முதலில் ஓடினார், ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு. இரண்டாவது ஆள் போய்ச் சேர்ந்தபோது தளபதி உயிரோடு இல்லை. மூன்றாவது ஆள் கோடரியே எடுக்கவில்லை. பத்தாவது ஆள் பீப்பாயைவிட்டு எழுந்து வருவதற்குள் சண்டையே முடிந்துவிட்டது.

ஆணை சரிதான். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய எதையும் நான் செய்யவில்லை. கவசம், பயிற்சி, ஓரிடத்தில் கூடுதல் இந்த மூன்றும் காப்ளின் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அதே வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன். 2022 டிசம்பரில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வந்த, மவுஸில் ஆடும் பதிப்புக்கான விளக்கம் இது. அதற்கு முன், 2006 முதல் வந்த பழைய பதிப்புகளின் மெனுக்கள் வேறு மாதிரி. ஆனால் யோசனை ஒன்றுதான்.

படி 1: ஆள் தேர்வு

ஆட்டம் ஏழு குள்ளர்களோடு தொடங்கும். அந்த ஏழு பேரை வைத்துப் படை கட்டாதீர்கள். தோண்டவும் விதைக்கவுமே கை போதாது. குடியேறிகள் இரண்டு மூன்று முறை வந்து மக்கள்தொகை இருபதைத் தாண்டியதும் தொடங்கினால் போதும்.

ஒரு ஸ்க்வாடில் அதிகபட்சம் பத்துப் பேர் இருக்கலாம். இருக்கலாம் என்பதற்காகப் பத்தையும் நிரப்ப வேண்டியதில்லை. முதல் அணிக்கு நான்கு பேர் போதும் என்பது என் கணக்கு. காரணம் அடுத்த படியில்.

யாரைச் சேர்க்கக்கூடாது என்பதுதான் முக்கியம். சுரங்கம் தோண்டுபவர், மரம் வெட்டுபவர், வேட்டையாடுபவர் மூவரையும் தவிருங்கள். அந்த வேலைகளுக்கென்றே தனிச் சீருடையும் கருவியும் ஆட்டத்துக்குள் இருக்கின்றன. படைச் சீருடையும் அதுவும் மோதிக்கொள்ளும். ஆள் இரண்டுக்கும் நடுவில் அல்லாடுவார். அப்படி ஒருவர் வேண்டும் என்றால் அந்த வேலையை அவரிடமிருந்து முதலில் எடுத்துவிடுங்கள். கோட்டையின் ஒரே நல்ல கொல்லனையும் மருத்துவரையும் விட்டுவிடுங்கள். பாலாடைக்கட்டி செய்பவர், சோப்பு காய்ச்சுபவர் என்று வந்து சேர்வார்கள் பாருங்கள், அவர்கள்தான் நம் வீரர்கள்.

ஆள் முடிவானதும் 'என்' விசையை அழுத்திப் பதவிகள் பக்கத்தில் ஒருவரை மிலிஷியா கமாண்டராக (படைத் தளபதியாக) நியமியுங்கள். பிறகு 'க்யூ' அழுத்தி, அவர் பெயரில் புதிய ஸ்க்வாடை உருவாக்கி, மற்ற மூவரைச் சேருங்கள். அடுத்தடுத்த அணிகளுக்கு மிலிஷியா கேப்டன்கள் தலைமை தாங்குவார்கள்.

படி 2: கவசம்

ஸ்க்வாட் உருவாக்கும்போதே சீருடை கேட்கும். உலோகக் கவசம், தோல் கவசம், வில்லாளி என்று தயாராக இருப்பவற்றில் உலோகக் கவசத்தைத் தேர்ந்தெடுங்கள். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சீருடை தேர்ந்தெடுத்தால் கவசம் வந்துவிடாது. அது 'இதெல்லாம் கிடைத்தால் போட்டுக்கொள்' என்ற பட்டியல் மட்டுமே. பொருள் கிடங்கில் இருக்க வேண்டும். நீங்கள்தான் அடித்துத் தர வேண்டும்.

எவ்வளவு? ஒரு ஆளுக்கு மார்புக்கவசம் 3 உலோகக் கட்டி, சங்கிலிச் சட்டை 2, கால்கவசம் 2, தலைக்கவசம் 1, கைக்கவச ஜோடி 1, பூட்ஸ் ஜோடி 1, ஆயுதம் 1. மொத்தம் 11 கட்டிகள். ஒவ்வொரு பொருளை அடிக்கவும் ஒரு எரிபொருள், ஆக 7. நான்கு பேருக்கு 44 கட்டிகள், 28 எரிபொருள். அந்த 44 கட்டிகளை உருக்க 11 இரும்புத் தாதுப் பாறைகள் வேண்டும்; ஒரு பாறையிலிருந்து நான்கு கட்டி கிடைக்கும். உருக்கவும் ஒரு பாறைக்கு ஒரு எரிபொருள். ஆக எரிபொருள் மட்டும் 39! உங்கள் கோட்டையில் நிலக்கரி இல்லையென்றால் அத்தனையும் மரக்கரி, அதாவது அத்தனை மரம். பத்துப் பேருக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். நான்கு பேர் போதும் என்று ஏன் சொன்னேன் என்று புரியும்.

கேடயத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அடியைத் தடுப்பதில் கேடயம் எதனால் ஆனது என்பதைவிட எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டது என்பதுதான் முக்கியம். மரக்கேடயம் போதும், இலகுவும்கூட. உலோகம் பற்றாக்குறை என்றால் நான் முதலில் அடிப்பது தலைக்கவசம், அப்புறம் உடம்புக்கு. தலையில் ஒரு அம்பு பட்டால் மற்ற கவசம் எதற்கும் உதவாது.

எஃகு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எஃகு. அதற்கு இரும்போடு சுண்ணாம்புக்கல் போன்ற உருக்குத் துணைக் கல்லும் கரியும் வேண்டும். கிடைக்காவிட்டால் இரும்பு அல்லது வெண்கலம். செம்பு கடைசிக்கட்டம்தான், ஆனாலும் துணிச்சட்டையைவிட மேல். வெள்ளியில் கவசம் அடிக்க முடியாது. ஆனால் எடை அதிகம் என்பதால் போர்ச்சுத்தியலுக்கு அருமையான உலோகம்.

எல்லாம் அடித்த பிறகு சரிபார்க்காமல் நகராதீர்கள். ஒவ்வொரு வீரரையும் சொடுக்கி, ஐட்டம்ஸ் பக்கத்தைத் திறந்து வாசியுங்கள். என் தளபதி ஊரிஸ்டின் பட்டியல் அன்று இப்படி இருந்தது: இரும்புத் தலைக்கவசம், சங்கிலிச் சட்டை, இடது பூட்ஸ், மரக்கேடயம். வலது பூட்ஸ் இல்லை. கோடரியும் இல்லை. பூட்ஸ் பற்றாக்குறை, கோடரியோ மரம் வெட்டுபவரிடம் இருந்தது. அந்தப் பக்கத்தை ஒரு நிமிடம் பார்த்திருந்தால் ஊரிஸ்ட் பிழைத்திருப்பார். (குள்ளர் மொழியில் ஊரிஸ்ட் என்றால் குத்துவாள். அதுகூட அவர் கையில் இல்லை.)

படி 3: பாசறையும் பயிற்சியும்

'இசட்' அழுத்தி மண்டலங்களில் பாசறையைத் தேர்ந்தெடுத்து, ஒரு காலி அறையில் வரையுங்கள். கட்டில் இல்லாவிட்டாலும் பயிற்சி நடக்கும். இடம் மட்டும் தாராளமாக இருக்கட்டும். பிறகு அந்த மண்டலத்தில் உங்கள் ஸ்க்வாடைச் சேருங்கள். தூங்க, பயிற்சி செய்ய, பொருள் வைக்க என்று சில சின்னங்கள் வரும். பயிற்சிக்கான சின்னம் இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது அணைந்திருந்தால் வீரர்களுக்குப் பயிற்சி செய்ய இடமே இருக்காது.

அடுத்து கால அட்டவணை. கான்ஸ்டன்ட் ட்ரெயினிங் என்றால் ஆண்டு முழுக்கப் பயிற்சி. ஸ்டேகர்டு ட்ரெயினிங் என்றால் மாறி மாறிப் பயிற்சியும் ஓய்வும். ரெடி என்றால் சீருடையோடு இருப்பார்கள், பயிற்சி கிடையாது. ஆஃப் டியூட்டி என்றால் சாதாரணக் குடிமக்கள்.

எது நல்லது? முதல் அணிக்குத் தொடக்கத்தில் கான்ஸ்டன்ட் கொடுப்பேன், இரண்டு பருவங்கள் கழித்து ஸ்டேகர்டுக்கு மாற்றுவேன். குள்ளர்களுக்குக் குடிக்க வேண்டும், வழிபட வேண்டும், நண்பர்களோடு பேச வேண்டும். இதெல்லாம் கிடைக்காமல் வருடக்கணக்கில் பாசறையிலேயே அடைத்துவைத்தால் மனம் நொந்துபோவார்கள்.

பாசறையில் தனியாக ஒருவர் கோடரியை வீசிக்கொண்டிருந்தால் அது மெதுவான பயிற்சி. இருவர் மோதிப் பழகுவதில்தான் திறமை வேகமாக ஏறும். உண்மையான ஆயுதத்தால் அடித்துக்கொள்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கவசம் இருந்தால் பெரிய காயம் அரிது. கவசம் அணிந்து பழகப் பழக அதன் சுமையும் குறையும், ஓட்டமும் கூடும். புதிதாகச் சேர்ந்தவர் ஆமை மாதிரி நடந்தால் காரணம் அதுதான்.

குறுக்குவில் அணியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு அம்பு, அம்பறாத்தூணி, பயிற்சிக்கான இலக்குப் பலகை என்று தனிப் பட்டியல் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: வில்லாளிகளுக்கு 'கில்' கொடுக்காதீர்கள். அம்பு தீர்ந்ததும் வில்லாலேயே அடிக்க ஓடுவார்கள். சுவரில் அம்புத்துளை செதுக்கி, அதன் பின்னால் நிற்க வைப்பதோடு சரி.

படி 4: எதிரி வந்துவிட்டான்

இடைநிறுத்துங்கள். ஸ்பேஸ் விசைதான் உங்கள் உண்மையான தளபதி.

இப்போது 'கில்' வேண்டாம். ஸ்க்வாடைத் தேர்ந்தெடுத்து 'மூவ்' ஆணை கொடுத்து, வாசலுக்கு உள்ளே ஒரு இடத்தைச் சொடுக்குங்கள். என் கோட்டைகளில் தூக்குப்பாலத்தைத் தாண்டி உள்ளே வரும் நடைபாதை ஒருமுறை திரும்பும். அந்தத் திருப்பத்துக்கு அப்பால்தான் கூடும் இடம். எதிரியின் வில்லாளிகளுக்கு அங்கே நேர்ப்பார்வை கிடையாது. காப்ளின்கள் திருப்பத்தைக் கடந்து கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தால்தான் சண்டை.

ஆட்டத்தைச் சற்று ஓடவிடுங்கள். ஒருவர் கவசம் எடுக்கப் போவார், ஒருவர் குடித்து முடித்துவிட்டு வருவார். நான்கு பேரும் கூடும்வரை பாலம் தூக்கியே இருக்கட்டும். தூக்கிய பாலம் சுவர் மாதிரி வழியை அடைத்துவிடும். பாலத்தை ஏற்றி இறக்கும் லீவரை இழுக்கவும் ஒரு ஆள் நடந்து போக வேண்டும், அதனால் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இதற்கிடையில் வெளியே இருக்கும் குடிமக்களை எச்சரிக்கை பர்ரோவுக்குள் (ஆபத்தில் ஒதுங்க நீங்கள் குறித்துவைத்த பகுதிக்குள்) அழைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சண்டைக்கு நடுவில் யாராவது ஒருவர் காலுறை பொறுக்க வருவார், நிச்சயம்.

நால்வரும் வந்தாயிற்றா? பாலத்தை இறக்குங்கள். காப்ளின்கள் திருப்பத்தைத் தாண்டியதும் 'கில்' கொடுங்கள். அவர்கள் வரிசையாக வருவார்கள், உங்கள் ஆட்கள் மொத்தமாக இருப்பார்கள். என் முதல் கோட்டையில் நடந்ததற்கு நேர் எதிர்.

எதிரி ஓடத் தொடங்கினால் ஆணையை ரத்து செய்யுங்கள். இல்லையென்றால் உங்கள் வீரர் அவனைத் துரத்திக்கொண்டு வரைபடத்தின் மறுமுனை வரை தனியாகப் போவார்.

படி 5: சண்டைக்குப் பிறகு

'மூவ்' ஆணையையும் மறக்காமல் நீக்குங்கள். நீக்காவிட்டால் அதே திருப்பத்தில் தாகத்தோடு நின்றுகொண்டிருப்பார்கள். காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனை மண்டலம், நூல், துணி, சோப்பு, தண்ணீர் எல்லாம் முன்பே தயாராக இருந்தால் நல்லது.

அப்புறம் தரையில் கிடக்கும் பொருள்கள். செத்த எதிரியின் பொருள்கள் தடை செய்யப்பட்ட நிலையில் இருக்கும், நம் ஆட்கள் தொடமாட்டார்கள். அந்தப் பகுதி முழுவதையும் வளைத்துத் தடையை நீக்குங்கள். காப்ளினும் குள்ளரும் ஒரே அளவு என்பதால் அவர்கள் கவசம் நம் ஆட்களுக்கு அப்படியே பொருந்தும். மனிதர்களின் கவசம் பெரிது, அதை உருக்கத்தான் முடியும். பிறகு கட்டிய கோட்டையின் முதல் முற்றுகையில் எனக்கு அப்படி நாலைந்து இரும்புத் தலைக்கவசங்கள் கிடைத்தன. ஐந்தாவது வீரரைச் சேர்த்தது அன்றுதான், அவர் ஒரு பாலாடைக்கட்டிக்காரர்.