குட்டித் தீவு நாடுகளுக்கு உதவப் போறோம்னு கெளம்புறவங்க பண்ற தப்புங்க

போன மாசம் இங்க சிங்கப்பூர்ல எங்க சமூக மன்றத்துல தொண்டூழியர்கள் கூட்டம், அதுல ஒரு தம்பி எழுந்து "அக்கா, பசிபிக் பக்கம் அடுத்த புயல் அடிச்சா நம்ம குரூப்ல துணி, டின் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு கண்டெய்னர் அனுப்பிடலாம்ல"ன்னு கேட்டாரு. நல்ல மனசோட கேட்டதுதான். ஆனா நான் வேணாம் தம்பின்னு சொன்னேன், ஏன்னு அங்க முழுசா சொல்ல நேரமில்ல, அதான் இங்க எழுதுறேன்.

2015 மார்ச்சுல பாம் புயல் வனுவாட்டுங்குற பசிபிக் தீவு நாட்டைப் புரட்டிப் போட்டுச்சு. அப்ப யாரும் கேக்காமலே பல ஊருலேர்ந்து சாமான் வந்து எறங்குச்சு, நெறைய கண்டெய்னர் தலைநகர் போர்ட் விலா துறைமுகத்துல எடுக்க ஆளில்லாம மாசக்கணக்குல கெடந்து, வாடகை ஏறி, உள்ள இருந்த சாப்பாடு தேதி முடிஞ்சு போச்சு. நம்ம பாசிர் பாஞ்சாங், துவாஸ் மாதிரி துறைமுகம் இல்ல அது. தேவையில்லாத பெட்டி இடத்தை அடைச்சா தேவையான மருந்துக்கு வழி ஏது சொல்லுங்க. காசா கொடுத்தா அங்க இருக்குற கடையிலயே வாங்கலாம், அந்தக் கடைக்காரரும் எழுந்து நிப்பாரு. ஆனா காசு சேர்க்குறதுக்கும் இங்க விதி இருக்கு, வெளிநாட்டு அறப்பணிக்குப் பொதுமக்கள்கிட்ட வசூல் பண்ணணும்னா அறநிறுவன ஆணையர்கிட்ட அனுமதி வாங்கணும், அது இல்லாம வாட்ஸ்அப்ல பேநவ் (போன் நம்பருக்கே காசு அனுப்புற வசதி) நம்பர் போட்டு ஆரம்பிச்சிடாதீங்க.

ரெண்டாவது தப்பு நம்ம மனசுக்குள்ள இருக்குறது. நாம கொடுக்குறவங்க, அவங்க வாங்குறவங்கன்னு நெனச்சுக்குறோம். ஐநா வச்சிருக்குற 39 வளரும் குட்டித் தீவு நாடுங்க பட்டியல்ல சிங்கப்பூரும் இருக்கு, இது தெரியாதவங்கதான் அதிகம். 1992ல ஐநாவுல சிறிய நாடுகள் மன்றத்தை ஆரம்பிச்சதே நாமதான். அதனால ஒரே படகுல இருக்குறவங்களா பேசணும். அதுக்காக நமக்கு ஒத்து வந்தது எல்லாம் அங்கயும் ஒத்து வரும்னு நெனச்சுடவும் கூடாது. பசிபிக்ல இருக்குற துவாலு நாட்டை எடுத்துக்கோங்க, ஒன்பது தீவு, மொத்த நிலமே 26 சதுர கிலோமீட்டர்தான், ஆறு கிடையாது, நல்ல தண்ணி ஏரி கிடையாது, மழைத்தண்ணியத் தொட்டியில புடிச்சுத்தான் குடிக்கணும். 2011ல மழை பொய்ச்சப்ப அவசரநிலையே அறிவிச்சாங்க. அங்க போய், கழிவுநீரைச் சுத்தம் பண்ணி நாம எடுக்குற நியூவாட்டர் பத்தி ஸ்லைடு போட்டுக் காமிச்சு என்ன ஆகப்போவுது? கூரையில மழைத்தண்ணி புடிக்கிற தகரக் குழாய் சரியா இருக்கா, தொட்டியில விரிசல் இருக்கா, ஒரு மெஷின் கொடுத்தா அதோட பார்ட்ஸ் எந்தக் கப்பல்ல எப்ப வரும், இதைக் கேக்குறவங்கதான் வேணும்.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நெனைக்கிற விஷயத்துக்கு வர்றேன். அங்க ஒண்ணுமே இல்ல, நாமதான் போய் எல்லாம் ஆரம்பிக்கணும்னு நெனைக்கிறது இருக்கே, அதுதான் எல்லாத்தையும் கெடுக்குது. ஃபிஜியில உதுனிவனுவான்னு ஒரு கிராமம், அங்க கைகோசோன்னு ஒரு மட்டி, சாப்பாட்டுக்கும் அதுதான் வருமானத்துக்கும் அதுதான், அது கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. 1997ல ஊர்க்காரங்களே ஒக்காந்து பேசி, தெற்கு பசிபிக் பல்கலைக்கழக ஆளுங்க தொணையோட, 24 ஹெக்டேர் சேத்துப் பகுதியை மூணு வருஷத்துக்கு யாரும் தொடக்கூடாதுன்னு மூடி வச்சாங்க. இது புதுசா யாரும் கண்டுபிடிச்சது இல்ல, தபுன்னு அவங்க முன்னோர் காலத்துலேர்ந்தே இருக்குற வழக்கம். மட்டியை எண்ணுறதைக் கூட ஊர்க்காரங்களே கத்துக்கிட்டாங்க. மட்டி திரும்பி வந்துச்சு, பக்கத்து ஊருங்க பார்த்துட்டு அவங்களும் ஆரம்பிச்சாங்க, ஃபிஜி முழுக்கப் பரவி 2002ல ஊர் மக்களோட இயற்கைப் பாதுகாப்பு வேலைக்கு ஐநா கொடுக்குற ஈக்வேட்டர் பரிசு வரைக்கும் போச்சு. வெளியாளுங்க பண்ணது சொல்லிக் கொடுத்ததும் கூட நின்னதும்தான், முடிவு ஊரோடது.

நமக்கும் இது புதுசு இல்லீங்க. நம்ம புலாவ் உபின் தீவுல செக் ஜாவாங்குற கடலோரச் சதுப்பு நிலத்தை மண்ணு போட்டு நெரப்பப் போறாங்கன்னு 2001ல தெரிஞ்சப்ப, இயற்கை ஆர்வலருங்களும் தொண்டூழியர்களும்தான் தண்ணி வத்துற நேரம் பார்த்து எறங்கி, என்னென்ன உயிரு இருக்குன்னு கணக்கெடுத்து அரசாங்கத்துக்குக் கொடுத்தாங்க, திட்டம் தள்ளி வைக்கப்பட்டுச்சு. அந்த எடத்தை நல்லாத் தெரிஞ்சவங்க கணக்கு அது, அதனாலதான் காது கொடுத்துக் கேட்டாங்க.

அப்புறம், மக்கள் அமைப்புன்னா குப்பை பொறுக்க, சாப்பாடு பரிமாற மட்டும்தான்னு ஒதுக்குறது. மொரீஷியஸ்ல நம்ம தமிழ் ஆளுங்க நெறைய பேர் இருக்காங்க, அந்த நாட்டு ரூபா நோட்டுலயே தமிழ் இருக்கும். அங்க 2020 ஜூலை 25 அன்னிக்கு வகாஷியோ கப்பல் பவளப்பாறையில தட்டி நின்னுச்சு, பத்து நாளுக்கு மேல கழிச்சு ஆகஸ்ட் 6ல எண்ணெய் ஒழுக ஆரம்பிச்சுச்சு, மாஹேபூர் பக்கத்து ஜனங்க கரும்புச் சோகையைத் துணிப்பைக்குள்ள திணிச்சு மெதக்குற தடுப்பு தச்சுக் கடல்ல எறக்குனாங்க. இப்படிப்பட்டவங்களைத் திட்டம் போடுற மேசையிலயே ஒக்கார வைக்கணும், எண்ணெய் வந்தப்புறம் கூப்பிட்டுக்கலாம்னு விடக்கூடாது. பருவநிலை மாற்றத்தை அனைத்துலக நீதிமன்றத்துக்குக் கொண்டு போகணும்னு வனுவாட்டுவுல படிச்ச 27 சட்ட மாணவருங்க 2019ல ஆரம்பிச்ச பேச்சு, 2023 மார்ச்சுல ஐநா பொதுச்சபை தீர்மானமாகி, 2025 ஜூலையில அந்த நீதிமன்றத்தோட கருத்துரை வரைக்கும் போச்சே.

பேப்பர்ல மட்டும் இருக்குற கூட்டாளித்துவம் பத்தி ஒரு வார்த்தை. மாநாட்டுல கையெழுத்துப் போட்டு போட்டோ எடுத்துட்டு, யாரு எவ்ளோ வெள்ளி போடுறாங்க, எந்த வருஷத்துக்குள்ள என்ன முடியும்னு எழுதாம விட்டா அது நிக்காது. ரெண்டு மூணு பேரே வேலை பாக்குற ஒரு தீவு அமைப்புகிட்ட ஒவ்வொரு நன்கொடையாளரும் ஒவ்வொரு மாதிரி ரிப்போர்ட் கேட்டா அவங்க கடலுக்கு எப்ப போறது? ஒரே ரிப்போர்ட்டை எல்லாரும் ஏத்துக்கலாம், ஆபீஸ் வாடகைக்கும் சம்பளத்துக்கும் சேர்த்தே கொடுக்கலாம். கால அளவையும் பாருங்க, நம்ம ஆளுங்க பெரும்பாலும் ஒரு வருஷத் திட்டமாத்தான் யோசிக்கிறாங்க. உதுனிவனுவாவுல மூடி வச்சது மூணு வருஷம், அதை ஒரு வருஷத் திட்டமாப் போட்டிருந்தா மட்டி பெருகுறதுக்கு முன்னாடியே காசு முடிஞ்சிருக்கும்.