லேத்தில் பம்ப் ஷாஃப்ட் கடைவது எப்படி?

லேத் என்ற கடைசல் மெஷினில் ஜாப் (கடைய வேண்டிய துண்டு) சுற்றும், டூல் (வெட்டும் உளி) அதை ஒட்டி நகர்ந்து சீவும். ஷாஃப்ட், புஷ், புல்லி, ஃபிளேஞ்ச், மரை போட்ட ராட் என்று உருண்டையாக வரவேண்டிய எதுவும் பெரும்பாலும் இந்த மெஷினில்தான் உருவாகிறது. கோயம்புத்தூரில் பம்ப், மோட்டார் தொழிலைச் சுற்றி இத்தனை லேத் பட்டறைகள் இருப்பதும் அதனால்தான், பம்ப்பில் சுற்றுகிற பாகம் எல்லாமே கடைசல் வேலை.

சரி, 30 மிமீ விட்டமுள்ள இஎன்8 (ஒரு எஃகு ரகம்) ராடில் இரண்டு பக்கமும் 6205 என்ற எண் கொண்ட பேரிங் உட்காரும் ஒரு ஷாஃப்ட் கடைய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேரிங்கின் உள்விட்டம் 25 மிமீ. கே6 ஃபிட் (ஷாஃப்ட் அளவுக்கான வரம்பு) என்று டிராயிங்கில் இருந்தால், பேரிங் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட் 25.002 மிமீக்கும் 25.015 மிமீக்கும் நடுவில் நிற்க வேண்டும். மொத்தமே 13 மைக்ரான் இடம், ஒரு மைக்ரான் என்பது மிமீயில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதை எட்டுவது கையின் வேகத்தில் இல்லை, மெஷினை ஓட விடுவதற்கு முன் செய்யும் செட்டிங்கில் இருக்கிறது.

முதலில் டூல் முனையை டெயில்ஸ்டாக் (ஜாப்பின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) சென்டரின் கூருக்கு நேராக வையுங்கள், தாழ்ந்திருந்தால் அடியில் தகடு கொடுங்கள். ராடை சக்கில் (ஜாப்பை இறுக்கிப் பிடித்துச் சுற்றும் தாடைப் பிடி) பிடித்து ஃபேசிங் போட்டு, அதாவது முனையைத் தட்டையாகச் சீவிப் பாருங்கள்; நடுவில் சின்னக் குமிழ் மாதிரி ஒன்று மிஞ்சினால் உயரம் இன்னும் சரியாகவில்லை. அப்புறம் சென்டர் டிரில், அதாவது சென்டரின் கூர் உட்கார முனையின் நடுவில் சின்னக் குழி. மறுமுனைக்கும் இதே வேலை, நீள அளவையும் அப்போதே முடித்துவிடுங்கள்.

வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு: வெட்டு வேகத்தை 1000-ஆல் பெருக்கி, விட்டத்தையும் 3.14-ஐயும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலுக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று எடுத்தால் 30 மிமீ ராடுக்குச் சுமார் 265 ஆர்பிஎம் வரும், கியரில் அதற்கு அடுத்துக் கீழே உள்ள வேகத்தைப் போடுங்கள். கார்பைடு டூல் என்றால் இதைப்போலப் பல மடங்கு போகலாம். சக் சாவியை சக்கிலேயே விட்டு ஸ்விட்ச் போடாதீர்கள், அது பறந்து வந்து ஆளை அடிக்கும். கையுறையும் வேண்டவே வேண்டாம். சீவி வரும் இரும்புச் சுருளைக் கொக்கியால் மட்டும், அதுவும் மெஷினை நிறுத்திவிட்டு இழுங்கள்.

ரஃப் வேலையை சக்கில் பிடித்து, மறுமுனையில் ரிவால்விங் சென்டர் (ஜாப்போடு சேர்ந்து சுற்றும் சென்டர்) கொடுத்தே செய்யலாம். விட்டத்தில் அரை மிமீ விட்டுவையுங்கள். ஃபினிஷிங்குக்கு மட்டும் சக்கை நம்பாதீர்கள். மூன்று தாடை சக் கொஞ்சம் ஆட்டம் காட்டும், ஷாஃப்ட்டைத் திருப்பிப் போட்டால் இரண்டு பேரிங் இடமும் ஒரே மையத்தில் வராது. அப்படிப்பட்ட ஷாஃப்ட்டை மாட்டினால் பம்ப் சத்தம் போடும், பேரிங் சீக்கிரம் போகும். அதனால் கேரியர் (ஷாஃப்ட்டில் மாட்டிச் சுழற்றும் பிடி) மாட்டி இரண்டு சென்டர்களுக்கு நடுவில் கடையுங்கள். லேசாக ஒரு கட் ஓட்டி இரண்டு முனையையும் அளந்து பாருங்கள், டெயில்ஸ்டாக் பக்கம் தடிமனாக இருந்தால் டெயில்ஸ்டாக்கை உங்கள் பக்கம் துளி நகர்த்த வேண்டும்.

டூலை 0.1 மிமீ உள்ளே விட்டால் விட்டம் 0.2 குறையும். சில மெஷின்களில் டயலே விட்டக் கணக்கில் இருக்கும், எது என்று முதலிலேயே பார்த்துவையுங்கள். டயலைத் தாண்டித் திருகிவிட்டால் அப்படியே பின்னால் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள், ஒரு சுற்று முழுக்கப் பின்வாங்கி மறுபடி முன்னால் வாருங்கள், இல்லாவிட்டால் ஸ்குரூவின் தளர்ச்சி அளவைக் கெடுத்துவிடும்.

கடைசி கட்டுக்கு முன்னால் ஜாப் ஆறட்டும். 25 மிமீ இரும்பு 40 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் விட்டம் சுமார் 12 மைக்ரான் பெருத்திருக்கும், கைக்கு இருக்கும் இடம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சூட்டோடு 25.010 காட்டியது ஆறினதும் 25-க்குக் கீழே போய்விடும், அப்புறம் பேரிங் ஷாஃப்ட்டில் வழுக்கும். வெர்னியரை வைத்துவிட்டு இங்கே மைக்ரோமீட்டரை எடுங்கள், இரண்டு திசையில் அளங்கள், முனையில் சின்னச் சாம்ஃபர் (சாய்வான ஓரம்) போட்டுக் கழற்றுங்கள்.