மொரீசியஸில் புயல் வரும் திசையைக் கணிக்க

இங்கே நவம்பர் முதல் மே நடுப்பகுதிவரை புயல் பருவம். தைப்பூசக் காவடியும் இதற்குள்தான் வரும்.

திறந்தவெளியில், காற்று முதுகில் படும்படி நில்லுங்கள். புயலின் மையம் வலப்பக்கம் இருக்கும் (தமிழ்நாட்டில் இடப்பக்கம்). திசை மாறாமல் காற்று வலுத்து, அழுத்தமும் இறங்கிக்கொண்டே போனால் புயல் நேராக நம்மை நோக்கி வருகிறது.

காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டரில்தான் பலர் ஏமாறுவார்கள். வெப்பமண்டலத்தில் அழுத்தம் தினமும் காலை 10 மணியளவில் ஏறி, மாலை 4 மணியளவில் தானாகவே இறங்கும். ஆகவே நேற்று இதே நேரம் குறித்த அளவோடு ஒப்பிடுங்கள்.

மூன்றாம் வகுப்பு எச்சரிக்கைக்குள் (இங்கே புயல் எச்சரிக்கையின் நான்கு படிகளில் மூன்றாவது) ஷட்டர் மூடுவது, தண்ணீர் சேமிப்பது எல்லாம் முடிந்திருக்க வேண்டும். நடுவில் காற்று சட்டென்று நின்றால் வெளியே வராதீர்கள்: அது புயலின் கண். அடுத்த அடி எதிர்த்திசையிலிருந்து விழும். அந்தப் பக்கத்து ஜன்னல்களையும் முன்பே அடைத்துவிடுங்கள்.