மீன்தொட்டி பில்டரில் கார்பன் போடும் முறை: கழுவுவதில்தான் காரியம்

தண்ணீர் வெளிறிய தேத்தண்ணி நிறத்தில் நிற்கிறது, மூடியைத் திறந்தால் மணக்கிறது, நோய்க்குப் போட்ட மருந்தின் நிறம் இன்னும் போகவில்லை. கார்பன் (activated carbon, நுண்துளை நிறைந்த கரித்துண்டுகள்) இதற்கெல்லாம்தான். அமோனியாவையோ நைத்திரைற்றையோ அது குறைக்காது. புதுத் தொட்டியில் மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் தண்ணீரை மாற்றுங்கள், கார்பன் வாங்க ஓடவேண்டாம்.

எதை வாங்குவது

சிரட்டைக் கார்பன் போதும். நாட்டிலேயே செய்வது, கெட்டியானது, தூளும் குறைவு. பையில் 4×8 மெஷ் (சல்லடைக் கண் அளவு) என்று இருந்தால் நல்லது. துண்டுகள் ஏறக்குறைய 2.4 முதல் 4.8 மில்லிமீற்றர். குடிநீர் பில்டருக்கு விற்கும் 8×30 பொடிசு, கண் பெரிய பையில் நழுவிவிடும். அந்தக் கடைகளில் வாங்கினால் "வெள்ளி ஏற்றியதா?" என்று கட்டாயம் கேளுங்கள். வெள்ளி ஏற்றிய கார்பன் மீனுக்கும் பில்டரில் வாழும் பாக்டீரியாவுக்கும் ஆகாது.

அடுப்புக்கரியை உடைத்துப் போடுவது வீண்வேலை. சந்தேகமிருந்தால் ஒரு கிளாஸ் தண்ணீரில் மெதிலீன் புளூ ஒரு துளி விட்டு, இரண்டு தேக்கரண்டி கார்பன் போட்டு இடைக்கிடை கலக்குங்கள். நல்ல கார்பன் சில மணி நேரத்தில் நீலத்தை இழுத்துவிடும். அடுப்புக்கரிக் கிளாஸ் பெரும்பாலும் நீலமாகவே நிற்கும்.

100 லீற்றருக்கு 100 கிராம் தாராளம். தராசு தேவையில்லை, 200 மில்லிலீற்றர் கோப்பை ஒன்று ஏறக்குறைய அவ்வளவுதான்.

கழுவுதல், ஊறவைத்தல்

பையில் கட்டிவிட்டுக் குழாயின் கீழ் பிடிப்பதுதான் பலரும் செய்வது. அப்போது வெளிப்பக்கத் தூள் மட்டும் போகும். நடுவில் இருப்பது பம்ப் ஓடியதும் தொட்டிக்குள் கறுப்புப் புகையாக வரும், பம்புக்குள் சுழலும் இம்பெல்லரையும் தேய்க்கும். ஆகவே முதலில் வாளியில் தளர்வாகக் கொட்டி, அரிசி களைவதுபோல் அளைந்து, கலங்கல் நிற்கும்வரை தண்ணீரை மாற்றுங்கள்.

பிறகு ஓர் இரவு ஊறவேண்டும். காய்ந்த கார்பனின் துளைகளில் காற்று இருக்கிறது. ஊறாமல் போட்டால் பை மிதக்கும், தண்ணீர் புகாத துளை வேலையும் செய்யாது. காலையில் ஊறிய தண்ணீரின் பீஎச்சை (அமில, கார அளவை) பாருங்கள். கார்பனில் மிஞ்சிய சாம்பல் அதை ஏற்றிவிடும். களனி ஆற்றிலிருந்து வரும் கொழும்புக் குழாய்த்தண்ணீர் மென்னீர் (கரைந்த உப்புகள் குறைந்தது), அதில் பீஎச் சட்டென்று நகரும். குழாய்த்தண்ணீரைவிட அதிகமாகக் காட்டினால் கொட்டிவிட்டு இன்னோர் இரவு ஊறவையுங்கள்.

பில்டருக்குள்

ஸ்பொஞ்சுக்குப் பிறகுதான் கார்பன். முன்னால் வைத்தால் மீன்கழிவு பையை மூடிவிடும். தண்ணீர் எப்போதும் லேசான வழியைத்தான் தேடும். ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் பையைச் சுற்றிப் போய்விடும். பையைத் தட்டையாகப் பரப்பி, தட்டின் ஓரங்களைத் தொடும்படி வையுங்கள். பை நைலோனாக இருக்கட்டும். பருத்தித் துணி உக்கிவிடும்.

பிற்சேர்க்கை: பை வைத்தபின் ஓட்டம் குறைகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பையைப் புடைக்கப் புடைக்க நிரப்பியதால்தான். மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் துண்டுகள் அசைய இடமிருக்கும்.

எப்போது மாற்றுவது

மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை. வெள்ளைக் கோப்பையில் தொட்டித்தண்ணீரையும் இன்னொன்றில் குழாய்த்தண்ணீரையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் நாள் வந்துவிட்டது. பழைய கார்பனை வீட்டு அவன் (oven) அடுப்பில் சுட்டுத் திரும்பப் பாவிக்க முடியாது, அதற்கு 800 பாகை செல்சியஸுக்கு மேல் சூடும் நீராவியும் வேண்டும்.

குழாய்த்தண்ணீரின் குளோரினுக்குக் கார்பனை நம்பி இருக்கவேண்டாம். பில்டர் அதை இழுத்து முடிப்பதற்குள் மீனின் செவுள் பட்டுவிடும். தண்ணீர் மாற்றும்போதே ஹைப்போ (குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேற்று) போடுங்கள்.

மருந்து போடும் நாளில் பையை வெளியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்தை மீனுக்கு முன்னே கார்பன் குடித்துவிடும். சிகிச்சை முடிந்ததும் தண்ணீரில் பாதியை மாற்றி, கழுவி ஊறவைத்த புதுக் கார்பனைப் போடுங்கள்.