ப்ரொசீஜர் வரியைக் கொடுக்குது, பைத்தானுக்கு வரமாட்டேங்குது

"அக்கா, எஸ்எஸ்எம்எஸ்ல ஓட்டினா நாப்பத்திரண்டு வரி வருது. பைத்தான்ல கூப்பிட்டா ஒண்ணுமே இல்லங்குது."

மாரத்தஹள்ளி ஆபீஸில் இரவு ஏழரைக்கு இதைக் கேட்ட பையனுக்கு ஊர் திருநெல்வேலி, சேர்ந்து மூன்று வாரம். எஸ்எஸ்எம்எஸ் என்பது எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸில் நேரடியாகக் கட்டளை ஓட்டிப் பார்க்கும் கருவி. மத்தியானத்திலிருந்து ப்ரொசீஜரையே (டேட்டாபேஸுக்குள் சேமித்துவைத்து, பெயர் சொல்லிக் கூப்பிடும் கட்டளைத் தொகுப்பு) கொத்திக்கொண்டிருந்திருக்கிறான். ப்ரொசீஜரில் ஒரு தப்பும் இல்லை. நானும் முதல் வேலையில் இதே பள்ளத்தில் விழுந்து ஒரு சனிக்கிழமையைத் தொலைத்தவள்.

"எஸ்எஸ்எம்எஸ்ல மெசேஜஸ் டேபைத் திறடா" என்றேன். 1 ரோ அஃபெக்டட், 42 ரோஸ் அஃபெக்டட், மறுபடி 42. ஒவ்வொரு கட்டளையும் எத்தனை வரியைத் தொட்டது என்ற கணக்கு. அங்கேதான் இருக்கிறது விஷயம். ப்ரொசீஜர் முதலில் லாக் டேபிளில் ஒரு வரி எழுதுகிறது, பிறகு டெம்ப் டேபிளை (தற்காலிக அட்டவணை) நிரப்புகிறது, கடைசியில்தான் வரிகளைத் திருப்பித் தரும் செலக்ட். எஸ்க்யூஎல் சர்வர் இந்த மூன்றுக்கும் வரிசையாகப் பதில் அனுப்பும். பைத்தானில் எக்ஸிக்யூட் (ஓட்டு) முடிந்த கையோடு ஃபெட்ச்ஆல் (எல்லா வரியையும் கொடு) கேட்டால், கையில் இருப்பது முதல் பதில், வெறும் எண்ணிக்கை. "நோ ரிசல்ட்ஸ். ப்ரீவியஸ் எஸ்க்யூஎல் வாஸ் நாட் எ க்வெரி" என்று, பைத்தானை டேட்டாபேஸோடு இணைக்கும் பைஓடிபிசி முகத்திலடிக்கும்.

ப்ரொசீஜரின் முதல் வரியாக 'செட் நோகவுண்ட் ஆன்' போட்டால் அந்த எண்ணிக்கைகள் வராது, செலக்ட்தான் முதலில் வந்து நிற்கும். ப்ரொசீஜரைத் தொட அனுமதி இல்லையென்றால் (பெரும்பாலும் இருக்காது, டேட்டாபேஸைக் காக்கும் டிபிஏவின் கதவு அவ்வளவு லேசில் திறக்காது) கோடில் ஒரு லூப் போடுங்கள்: கர்சரின் (பதில்களை வாங்கித் தரும் பொருள்) டிஸ்கிரிப்ஷன் 'நன்' ஆக இருக்கும்வரை, அதாவது பதிலில் வரிகள் இல்லாதவரை, அடுத்த பதிலுக்குத் தாவும் நெக்ஸ்ட்செட். அது ஃபால்ஸ் கொடுத்தால் பதில்கள் தீர்ந்தன. நான் இரண்டையும் செய்வேன். நாளைக்கே யாராவது நோகவுண்ட் வரியை அழித்துவிடுவார்கள்.

ஜாவாக்காரர்களுக்கும் இதே கதை. எக்ஸிக்யூட் ஃபால்ஸ் கொடுத்தால் டேட்டா இல்லை என்று அர்த்தமில்லை, முதலில் வந்தது வரிகள் இல்லை என்றுதான் அர்த்தம். கெட்மோர்ரிசல்ட்ஸ் (அடுத்த பதில்) ஃபால்ஸ், கெட்அப்டேட்கவுண்ட் (எண்ணிக்கை) -1, இரண்டும் சேர்ந்து வந்தால்தான் முடிவு.

வரிகள் கிடைத்ததும் கர்சரை மூடிவிடாதீர்கள். செலக்டுக்குப் பின்னால் ப்ரொசீஜரில் ஏதாவது வெடித்தால், அந்த எரர் நெக்ஸ்ட்செட் கூப்பிடும்போதுதான் தலைகாட்டும். மீதிப் பதில்களையும் நெக்ஸ்ட்செட் போட்டுக் கடைசிவரை வடித்துவிடுங்கள்.

அவுட்புட் பாராமீட்டருக்கு (ப்ரொசீஜர் ஒரு மதிப்பைத் திருப்பித் தரும் இடம்) பைஓடிபிசியில் கால்ப்ராக் (ப்ரொசீஜரைக் கூப்பிடும் ஃபங்ஷன்) கிடையாது. ஒரு வேரியபிளை டிக்ளேர் பண்ணி, அதை அவுட்புட்டாகக் கொடுத்து எக்ஸெக் ஓட்டி, கடைசியில் அந்த வேரியபிளை செலக்ட் பண்ணி, எல்லாவற்றையும் ஒரே பேட்ச்சாக அனுப்புங்கள். பேட்ச்சின் தலையிலும் நோகவுண்ட் இருக்கட்டும். உள்ளே போகும் மதிப்புகளின் இடத்தில் கேள்விக்குறி வைத்து மதிப்பைத் தனியாகக் கொடுங்கள், கட்டளையின் எழுத்தோடு ஒட்டவே கூடாது.

மைஎஸ்க்யூஎல்லின் சொந்த பைத்தான் கனெக்டரில் கால்ப்ராக் உண்டு, ஆனால் வரிகளை ஸ்டோர்டுரிசல்ட்ஸ் வழியாக எடுக்க வேண்டும். ஆரக்கிளில் வழக்கமான வழி, ரெஃப் கர்சரை (வரிகளைக் காட்டும் சுட்டி) அவுட் பாராமீட்டராக வாங்குவது.

எட்டு மணிக்குப் பையனுக்கு நாற்பத்திரண்டும் வந்துவிட்டது. பையைத் தூக்கினேன்.

"அக்கா, பைத்தான்ல ஓட்டினதுக்கு லாக் டேபிள்ல வரியே இல்ல."

"கமிட் போட்டியா?"

பைஓடிபிசியில் ஆட்டோகமிட் தானாக ஆன் ஆகியிருக்காது, கமிட் சொன்னால்தான் எழுதியது நிலைக்கும். ஒரு வரி சேர்த்து மறுபடி ஓட்டினான். லாக் டேபிளில் புதிதாக ஒன்று.